மே மாதத்தில் கிரீஸ்: வெயிலைப் பார்த்தீர்கள், தண்ணீரைப் பார்த்தீர்களா?

மே மாதத்து கிரீஸை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஏதென்ஸில் பகல் வெயில் 26 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலைப் புரட்டியெடுக்கும் 'மெல்டெமி' என்ற வடகாற்று இன்னும் கிளம்பியிருக்காது. குன்றுச் சரிவெல்லாம் பாப்பிப் பூக்கள் சிவந்து கிடக்கும். மே முதல் தேதி காட்டுப்பூக்களை வளையமாகக் கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுவது அங்கே வழக்கம். கடல்தான் கொஞ்சம் குளிரும். 19, 20 டிகிரி தண்ணீரில் இறங்க நம்மவர்களுக்குக் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

கோடையில் போகாதீர்கள் என்பதற்கும் காரணங்கள் சேர்ந்துவிட்டன. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவியபோது சுமார் 19,000 பேரை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அதே மாதம் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றை வெயில் உச்சியில் இருக்கும் நேரம் மூடி வைத்தார்கள். 2024 ஜூனில் மறுபடியும் மூடினார்கள். அதனால்தான் பயண ஏற்பாட்டாளர்கள் எல்லோரும் இப்போது "மே மாதமே போய்வந்துவிடுங்கள்" என்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் எல்லோரும் வெயில் கணக்கை மட்டும் போடுகிறார்கள். தண்ணீர்க் கணக்கை ஒருவரும் போடுவதில்லை என்பதுதான் என் கவலை.

கிரீஸில் மழைக்காலம் நம் வடகிழக்குப் பருவமழையைப் போலவே அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. குளிர்காலம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்யும். மே பிறந்தால் பெரும்பாலும் அவ்வளவுதான். ஏதென்ஸுக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதே 400 மி.மீ. அளவு மழைதான். சென்னைக்கு 1,400 மி.மீ. பெய்தும் 2019 கோடையில் குடத்தோடு தெருவில் நின்றோம். அப்படியென்றால் மே மாதம் அணையிலும் தொட்டியிலும் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்தே ஐந்து மாதம் ஓட்டவேண்டிய ஒரு தீவின் நிலையை நாம் புரிந்துகொள்ள முடியும். அந்த ஐந்து மாதத்தில்தான் கூட்டமும் வருகிறது. மே மாதம் போனால் நெரிசலில் நமக்குப் பங்கில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மே மாதம் நாம் திறக்கும் குழாயில் வருவது, ஆகஸ்டுக்கென்று தேக்கி வைத்த தண்ணீர்.

ஏதென்ஸிலிருந்தே தொடங்குங்கள். அக்ரோபோலிஸுக்கு 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் மணிக்கணக்குப்படி. நுழைவுக் கட்டணத்தை 2025 ஏப்ரலில் 30 யூரோவாக ஆக்கிவிட்டார்கள். நேரத்தை முன்பதிவு செய்துவிட்டால் மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மே 1 அன்று மூடியிருக்கும்.

அங்கே செலவிடும் நேரத்தில் பாதியையாவது மராத்தான் அணைக்குக் கொடுங்கள் என்பேன். நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கி.மீ. இருக்கும். 1922க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து சேர, ஏதென்ஸின் குடிநீர் போதாமல் போயிற்று. அதற்காகக் கட்டி 1929இல் முடித்த அணை இது. பார்த்தெனான் கோயிலுக்குப் போன அதே பென்டெலி மலைப் பளிங்கைத்தான் இதன் முகப்புக்கும் பதித்திருக்கிறார்கள். கோயிலுக்கு உரிய கல்லை ஓர் அணைக்குப் போர்த்திய அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

அந்த அணையும் பிறகு போதவில்லை. இன்று ஏதென்ஸ் குடிப்பது பெரும்பாலும் மேற்கே ஃபோகிடா மலைகளில் உள்ள மோர்னோஸ் ஏரியின் நீர். ஏறத்தாழ 190 கி.மீ. கால்வாயில் ஓடி வருகிறது. அந்த ஏரிக்காக மூழ்கிய ஊர்களில் ஒன்று காலியோ. 2024இல் நீர்மட்டம் இறங்கி, அந்த ஊரின் இடிந்த சுவர்கள் வெளியே தெரிந்தன. 1990களின் தொடக்கத்தில் வந்த வறட்சியிலும் இப்படித் தெரிந்ததுண்டு. ஒரு தலைநகரம் தன் குடிநீரில் எவ்வளவு மிச்சம் என்பதை மூழ்கிய ஊரின் சுவர்களை வைத்து அளக்கும் நிலை வந்தால், விருந்தாளிக்கும் அதில் அக்கறை இருக்கத்தான் வேண்டும்.

தீவுகளுக்கு வருவோம். சாண்டோரினிக்குப் போகாமல் திரும்ப யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அங்கே ஊரோடு இருப்பவர்கள் 15,000 பேர் சொச்சம். 2023இல் வந்துபோனவர்கள் சுமார் 34 லட்சம் என்கிறார்கள். சொகுசுக் கப்பல்களில் வந்து இறங்குபவர்களுக்கு 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆற்றையோ ஓடையையோ நம்ப வழியில்லாத எரிமலைத் தீவு அது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூரையில் விழும் மழையைத் தரைக்கடியில் வெட்டிய தொட்டிக்குள் இறக்கிச் சேமித்தார்கள். படத்தில் பார்த்துப் பார்த்து நாம் ரசிக்கும் அந்த வெள்ளைக் கூரைகள் மழைநீர் பிடிக்கவும் கட்டியவை. இன்று அதே கூரைக்குப் பக்கத்தில் அறைக்கு ஒரு நீச்சல் குளம். சுற்றிலும் கடல் இருக்க, கடலைப் பார்த்தபடி ஒரு நன்னீர்க் குளம் எதற்கு?

அந்த மண் எவ்வளவு கொஞ்சத்தில் வாழ்கிறது என்று பார்க்க மே மாதம் பொருத்தமானது. திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு தரையாகக் கூடை வடிவில் சுற்றிவிடுவார்கள். 'கூலூரா' என்று பெயர். கடற்காற்றும் மணலும் அறைந்தாலும் கூடைக்குள் இருக்கும் குலைக்குச் சேதமில்லை. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை எரிமலைக் கல் உறிஞ்சி வைத்துக்கொள்ள, பெரும்பாலான தோட்டங்கள் பாசனமே இல்லாமல் காய்க்கின்றன. கோலிக்குண்டு அளவுத் தக்காளியும் அப்படித்தான். சைவர்களுக்கு அந்தத் தீவில் கவலையே வேண்டாம். 'ஃபாவா' என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய், வெங்காயம் போட்டுத் தருவார்கள். நம் வீட்டுப் பருப்புக் கடைசலுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். அதுவும் வானம் பார்த்த பயிர்தான். தட்டில் அதைத் தேர்ந்தெடுத்தாலே தீவுக்கு ஓர் உபகாரம்.

நாக்ஸோஸின் கதை இன்னும் கசப்பானது. சைக்லடீஸ் தீவுக் கூட்டத்தில் அதுதான் பெரியது. மலையும் வயலும் உள்ள, தன் கையை ஊன்றி நின்ற தீவு. உருளைக்கிழங்குக்குப் பெயர் போனது. 2024 கோடையில் அதன் நீர்த்தேக்கங்கள் வறண்டன. கிணறுகளில் கடல் உப்பு ஏறியது. கிழங்கு விளைச்சல் அடிபட்டது. உழவை விட்டுவிடாமல் இருந்த தீவுக்கே இந்தக் கதி என்றால், சுற்றுலாவைத் தவிர வேறொன்றுமில்லாத சிறு தீவுகளைப் பற்றி என்ன சொல்ல?

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றனவே, சுற்றுலா இல்லாமல் தீவுக்காரன் எதை வைத்துப் பிழைப்பான் என்று கேட்பவர்கள் உண்டு; அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆலைக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும், அது கழிக்கும் அடர் உப்புநீர் கரையோரக் கடலுக்கே போகிறது. கிழங்கு வயலுக்குப் பாய்ச்ச அந்த விலைத் தண்ணீர் கட்டுப்படியாகுமா?

ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது கடல் தெரியுமா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர்த் தொட்டி இருக்கிறதா, தனிக் குளம் இல்லாத அறை கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். குடும்பமாக நடத்தும் சிறு விடுதிகளில் இதற்கு நேரான பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரவுக்கு இவ்வளவு என்று அரசு வசூலிக்கும் பருவநிலைக் கட்டணம் ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, 2025 விகிதப்படி சிறிய ஓட்டல் அறைக்கு 2 யூரோ, ஐந்து நட்சத்திர அறைக்கு 15 யூரோ. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் இது சேராது. ஏதென்ஸில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் போதும். பல தீவுகளில் அப்படி முடியாது.

காகித வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்குவது நல்லது. தேதி குறிக்குமுன் கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. அதை ஒட்டிய நாட்களிலும், அதிலிருந்து ஐம்பது நாள் கழித்து வரும் பரிசுத்த ஆவித் திங்கள் விடுமுறையிலும் ஏதென்ஸே கப்பலேறித் தீவுகளுக்குப் போகும். பிரேயஸ் துறைமுகத்தில் இடம் கிடைப்பது கடினம்.

நாட்கள் மிச்சமிருந்தால் இன்னொரு சைக்லடீஸ் தீவைச் சேர்க்காமல், ஏதென்ஸிலிருந்து விமானம் ஏறி சாமோஸ் தீவுக்குப் போங்கள். துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மெகாரா ஊர்க்காரரான யூபலினோஸ் என்ற பொறியாளர், மலைக்கு அப்பாலிருந்த ஊற்றை ஊருக்குள் கொண்டுவர 1,036 மீட்டர் சுரங்கம் வெட்டவைத்தார். இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் வெட்டத் தொடங்கி, மலையின் நடுவில் சந்தித்தார்கள். ஹெரோடோட்டஸ் வியந்து எழுதிய வேலை. பல நூற்றாண்டுகள் அந்த ஊருக்குத் தண்ணீர் தந்தது. தலைக்கவசம் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். முதல் சில அடிகள் மிகக் குறுகல். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய வேண்டும். மூச்சு முட்டும் என்று பயப்படுபவர்கள் வெளியே இருந்துவிடலாம். மற்றவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். ஏதென்ஸுக்கு மாலை விமானத்தைப் பிடிக்கவும் நேரம் இருக்கும்.