அந்நியன் இருமுறை அழைத்தான்

சொன்ன கதையை மீண்டும் சொல்வது குற்றமன்று. நம் ஊர்க் கூத்து மேடைகளில் ஒரே கதையை ஆண்டுதோறும் ஆடுகிறார்கள். முடிவு தெரிந்திருந்தும் மக்கள் விடிய விடியக் கண்விழித்துப் பார்க்கிறார்கள். ஆகவே, ஒரு பழைய படத்தை மறுபடியும் எடுத்தார்கள் என்பதற்காக மட்டும் யாரையும் குறை கூற முடியாது. கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறிந்து எடுத்தார்களா என்பதே கேள்வி. இதை ஆராய்வதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’ என்ற அமெரிக்கத் திகில் படம். 1979-இல் ஃபிரெட் வால்ட்டன் இயக்கியது. 2006-இல் சைமன் வெஸ்ட் அதை மீண்டும் எடுத்தார்.

முதலில் ஒரு வழக்கத்தை விளக்கிவிட வேண்டும். நம் வீடுகளில் பெற்றோர் வெளியே சென்றால் பாட்டியோ அத்தையோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் தாய், தந்தை, மக்கள் என்ற அளவில் குடும்பம் முடிந்துவிடுகிறது. எனவே மாலையில் விருந்துக்குப் போகும் பெற்றோர், அண்டையிலுள்ள பள்ளி மாணவி ஒருத்தியை மணிக்கு இவ்வளவு என்று பேசிக் குழந்தைகளுக்குக் காவல் வைக்கிறார்கள். தானே இன்னும் முழுதும் வளராத ஒரு பெண், பிறர் வீட்டில், பிறர் பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பேற்று நிற்கிறாள். அச்சத்திற்கு இதைவிட ஏற்ற நிலம் வேண்டுமா? 1960-களிலேயே இந்நிலையை வைத்து ஒரு கதை அந்நாட்டு இளைஞரிடையே வாய்வழியாக உலவிவந்தது. அதையே வால்ட்டன் 1977-இல் ‘தி சிட்டர்’ என்ற குறும்படமாக எடுத்தார். பின்னர் அதை விரித்து முழுப்படத்தின் தொடக்கமாக அமைத்தார்.

கதை எளியது. ஜில் என்ற பெண் ஒரு மருத்துவரின் வீட்டில் காவலிருக்கிறாள். குழந்தைகள் மாடியில் உறங்குகிறார்கள். தொலைபேசி ஒலிக்கிறது. குழந்தைகளைப் போய்ப் பார்த்தாயா என்று ஓர் ஆண்குரல் கேட்கிறது. மீண்டும் மீண்டும் கேட்கிறது. அவள் காவல் நிலையத்தின் உதவியை நாடுகிறாள். அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்தபோதுதான் பேரிடி விழுகிறது: குரல் அந்த வீட்டிற்குள்ளிருந்தே வருகிறது! குழந்தைகளோ சில மணி நேரத்திற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டார்கள்.

இந்தப் பகுதி ஏறத்தாழ இருபது நிமிடந்தான். கொலை எதுவும் நம் கண்முன் நடப்பதில்லை. பின் ஏன் நடுங்குகிறோம்? அக்காலத்துத் தொலைபேசியின் இயல்பில் விடையின் ஒரு பாதி இருக்கிறது. பல தொலைபேசி நிலையங்களில் மின்விசையால் அசையும் சுவிட்சுகளே இணைப்பை உண்டாக்கின. அழைப்பு வந்த வழியை அறிய, ஊழியர் ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னோக்கித் தேடிச்செல்ல வேண்டும். இடையில் பேச்சு நின்றால் தடமும் அறுந்துவிடும். ஆகவே, எந்தக் குரலைக் கேட்க அஞ்சுகிறாளோ அந்தக் குரலையே அவள் பேசவைத்துப் பிடித்திருக்க வேண்டியதாகிறது. மறுபாதி விடை அந்தக் கேள்வியில் இருக்கிறது. மிரட்டல் என்று நாம் எண்ணியது, உண்மையில் நடந்து முடிந்த ஒன்றின் அறிவிப்பு. அவள் மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை என்பது, அந்த வினாவின் பொருள் விளங்கும்போது நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

2006-ஆம் ஆண்டுப் படத்திற்கு வருவோம். அந்த இருபது நிமிடத்தையே 87 நிமிடமாக நீட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட மாளிகை. வீட்டுக்குள்ளேயே தோட்டம், குளம், பறவைகள். ஆள் நடந்தால் தானே எரியும் விளக்குகள். பார்க்க அழகாகவே இருக்கிறது. ஜில்லாக நடித்த கமீலா பெல் தம்மால் இயன்றதைச் செய்திருக்கிறார். வெளிவந்த வார இறுதியில் அமெரிக்க வசூலில் முதலிடமும் பெற்றது. ஆயினும் அச்சம் மட்டும் வரவில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, அழைப்பு வீட்டிற்குள்ளிருந்து வருகிறது என்பதை விளம்பரப் படத்திலேயே சொல்லிவிட்டார்கள். விடையைப் பலகையில் எழுதிப்போட்ட பின் கணக்கைக் கேட்பது போன்றது இது. இரண்டாவது, நீட்டியதற்கு ஈடாகப் புதிய பொருள் எதையும் சேர்க்கவில்லை. ஒரு பிடி உப்பைக் குவளை நீரில் கரைத்தால் கரிக்கும். அதே உப்பை ஒரு குடம் நீரில் கரைத்தால் கரிப்பு எங்கே போகும்? கதவு அசைகிறது, பூனை பாய்கிறது, விளக்கு எரிகிறது. இவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

மூன்றாவது காரணமே பெரிது. புதிய படத்தில் குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிழைப்பதில் நமக்கு வருத்தமில்லை! ஆனால் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு விடையை மட்டும் மாற்றியதால், அந்தக் கேள்வி வெறும் பூச்சாண்டியாகிவிட்டது. தோழியும் வேலைக்காரியும் கொலையுண்டாலும், ஜில்லின் பொறுப்பு என்ற கருவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

பழைய படத்திலும் குறையுண்டு. நடுப்பகுதி மெதுவாகவே நகர்கிறது. ஆனால் அங்கேதான் வால்ட்டன் துணிந்து ஒன்று செய்தார். ஏழாண்டுகள் கழித்து மனநோய் விடுதியிலிருந்து தப்பிய கொலைகாரன், நகரத்தில் அநாதைகளோடு படுத்துறங்குவதையும் மதுக்கடையில் அடிபடுவதையும் காட்டினார். அவ்வேடத்தில் நடித்த டோனி பெக்லி, படம் வெளிவந்த அடுத்த ஆண்டே காலமானார். மன்னிக்க முடியாதவனும் மனிதனே என்று அவர் முகம் சொல்கிறது. புதிய படத்தின் கொலைகாரனோ ஒரு குரலும் ஒரு நிழலுந்தான்.

பணமும் கருவியும் பெருகினால் கலை தானே சிறக்கும் என்று எண்ணுவோர் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கட்டும். ஒரு பெண், ஒரு தொலைபேசி, பூட்டிய ஒரு வீடு ஆகியவற்றைக் கொண்டு 1979-இல் இருபது நிமிடத்தில் சாதித்ததை, கண்ணாடி மாளிகையால் ஒன்றரை மணி நேரத்தில் சாதிக்க முடியவில்லை. பழைய கதையை எடுத்தாள்வோர் அதன் ஒவ்வொரு காட்சியையும் காக்க வேண்டியதில்லை. எதற்காக அக்கதை முதலில் சொல்லப்பட்டதோ, அதைக் காத்தால் போதும்.