வயிறு தள்ளும் சுவர்

அமெரிக்காவின் ஒஹாயோ, இல்லினாய் மாநிலங்களில் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருப்பது சகஜம். குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்தையும் தாண்டி அஸ்திவாரம் இறங்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். பல பழைய நிலவறைகளுக்கு 8 அங்குல ஹாலோ பிளாக்தான் சுவர். தலைமேல் வீட்டையே சுமக்கும் அந்தச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. ஏறக்குறைய பாதி உயரத்தில் கலவை இணைப்பு பிரிந்து, படுக்கைவாட்டில் ஒரு விரிசல் ஓடும். மூலைகளில் அது படிக்கட்டுபோல் ஏறும். உள்பக்கம் தூக்குக்குண்டு தொங்கவிட்டால் நடுச்சுவர் நூலை நெருங்கி நிற்கும். சுவர் வயிறு தள்ளிவிட்டது.

பழி மண்மேல் விழுகிறது. முக்கியக் குற்றவாளி தண்ணீர். சுவருக்கு வெளியே 2 மீட்டர் உயரத்துக்கு மண் ஊறி நீர் தேங்கினால், நீரின் அழுத்தம் மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஏறக்குறைய 2 டன் விசையோடு தள்ளும். 10 மீட்டர் சுவருக்கு 20 டன். களிமண்ணாக இருந்தால், நம்முடைய கரிசலைப் போலவே, ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். காய்ந்தால் அழுத்தம் குறையும்தானே என்று கேட்கலாம். குறையும், ஆனால் அந்த இடுக்கில் மண் சரிந்து நிரம்பிக்கொள்கிறது. அடுத்த மழையில் உப்பும் மண்ணுக்குப் பழைய இடம் இல்லை, சுவர்தான் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

ஆகவே வைத்தியம் கூரையில் தொடங்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். அது சுவரோரமாகவே கொட்டினால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மழைநீர்க் குழாயைச் சில அடிகளாவது நீட்டுவது, முதல் 10 அடியில் 6 அங்குலமாவது தரையை வெளிப்பக்கம் சரிப்பது, அஸ்திவாரத்தோரம் வடிகுழாய் பதிப்பது எல்லாம் இந்தக் கணக்குதான். ஊட்டி மலைப்பாதைத் தடுப்புச் சுவர்களில் விட்டிருக்கும் ஓட்டைகளுக்கும் இதே வேலை. உள்பக்கம் பூசும் வாட்டர்புரூஃப் பெயின்ட் விரிசலை மறைக்கும்; அழுத்தத்தைக் குறைக்காது.

நீரை வடித்துவிட்டால் வளைந்த சுவர் நிமிர்ந்துவிடுமா? நிமிராது. 2 அங்குலத்துக்குள் வளைந்திருந்தால் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுகிறார்கள். அது மேலும் வளையாமல் பிடிக்கும், அவ்வளவே. அதற்கு மேல் போனால் இரும்பு ஐ-பீம், அல்லது தோட்டத்து மண்ணில் புதைத்த தகட்டோடு சுவரைக் கம்பியால் இழுத்துக் கட்டுவது. அடிவரிசையே உள்ளே நகர்ந்துவிட்டால் இடித்துக் கட்டும் பேச்சு வரும். எந்தச் செலவுக்கும் முன்னால் விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதி வைப்பார்கள். வசந்தத்தில் பனி உருகியதும் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.