ஆய்வகத்தில் அண்டம் – 9: ஒரு ரப்பர் பேண்ட், இரண்டு பிராக்டிகல்

‘பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது; ஆகவே அதன் என்ட்ரோபி கூடிக்கொண்டே போகிறது.’ பி.எஸ்சி. வைவாவில் இப்படிச் சொல்லித் தப்பித்துவிடலாம். பிரபஞ்சம் விரிவது உண்மை. என்ட்ரோபி கூடுவதும் உண்மை. நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த ‘ஆகவே’தான் வம்பு. அதைத் தட்டிக்கேட்கக் கோடி ரூபாய்க் கருவி வேண்டாம். கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று போதும்.

முதல் சோதனை பலருக்கும் தெரிந்தது. ரப்பர் பேண்டை ஓரிடத்தில் வெட்டி நீட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு மைப்புள்ளி வைத்து, இருமடங்கு நீளத்துக்கு இழுக்க வேண்டும். எந்தப் புள்ளியை நம் வீடாக வைத்துக்கொண்டாலும் பக்கத்துப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் விலகியிருக்கும். அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. தூரம் கூடக்கூட விலகும் வேகமும் அதே விகிதத்தில் கூடுகிறது. மையம் என்று ஓர் இடம் கிடையாது. ரப்பரின் மேல் ஓர் அலையை வரைந்துவிட்டு இழுத்தால் அலைநீளமும் நீளும். தொலைதூர ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது இப்படித்தான். மைப்புள்ளிகளும் சேர்ந்து அகலமாவது மட்டும் இந்தச் சோதனையின் குறை. விண்மீன் திரள்கள் தம் ஈர்ப்பாலேயே கட்டுண்டவை, அவை விரிவதில்லை.

அடுத்தது கிராஃப் தாள்: திரள்களின் தூரத்துக்கு எதிரே அவை விலகும் வேகத்தைக் குறிக்க வேண்டும். அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் உருவான ‘க்ளியா’ என்ற பயிற்சித் தொகுப்பில் மாணவர்கள் கணினித் திரையிலேயே தொலைநோக்கியைத் திருப்பி, நிறமாலையில் கால்சியத்தின் இரண்டு கருங்கோடுகளைத் தேடுவார்கள். ஆய்வகத்தில் 3933.7, 3968.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் இருக்க வேண்டிய கோடுகள் அவை. எவ்வளவு தள்ளிப்போயிருக்கின்றன என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும்.

என்னைக் கேட்டால், திரைத் தொலைநோக்கியைவிட எட்வின் ஹப்பிள் 1929-இல் வெளியிட்ட அசல் அட்டவணையையே மாணவர் கையில் கொடுக்கலாம். மொத்தமே 24 விண்மீன் திரள்கள். வேகங்களில் பெரும்பாலானவை வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தவை. புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கும். ஆண்ட்ரோமிடா உள்ளிட்ட சில திரள்கள் விலகுவதற்குப் பதில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். ஸ்கேலை எப்படி வைப்பது என்றே முதலில் கை தயங்கும். ஒருவழியாகக் கோடு போட்டால், ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்று சாய்வு வரும். அதைத் தலைகீழாக்கினால் பிரபஞ்சத்தின் தோராய வயது: சுமார் 200 கோடி ஆண்டுகள். பூமியின் வயதோ 454 கோடி. வீட்டைவிட வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வயது அதிகம்!

கணக்கில் தப்பில்லை, தூரத்தில்தான் தப்பு. தூரம் அளக்கப் பயன்பட்ட செஃபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்று 1952-இல் வால்டர் பாடே அறிவித்ததும் தூரங்கள் ஒரே அடியாக இருமடங்காயின. திருத்தங்கள் தொடர்ந்தன. இன்று அந்தச் சாய்வு 67-க்கும் 73-க்கும் இடையில் நிற்கிறது. வயது 1,380 கோடி. இந்த அதிர்ச்சியைத் தன் கையால் போட்ட கோட்டிலிருந்தே பெறும் மாணவர், பிழைக்கணக்கை ரெக்கார்டு நோட்டின் கடைசிச் சடங்காக நினைக்கமாட்டார்.

இரண்டாவது சோதனைக்கு ஸ்கேல்கூட வேண்டாம். ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து, உடனே மேலுதட்டில் ஒற்றிப் பாருங்கள், கதகதப்பு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் ஆறவிட்டு, சட்டென்று தளர்த்தி மீண்டும் ஒற்றினால் ஜில்லென்றிருக்கும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப் இதை 1805-இல் பதிவு செய்தார். சிறுவயதிலேயே அம்மை நோயில் பார்வையை இழந்தவர் அவர். உதடுதான் அவருக்கு வெப்பமானி. 1859-இல் ஜேம்ஸ் ஜூல் இதை அளந்து உறுதிப்படுத்தினார்.

கல்லூரி ஆய்வகத்தில் இதற்கு எண்ணும் கிடைக்கும். ரப்பரை ஒரே நீளத்தில் இழுத்துப் பிடித்து, சூடேற்றிக்கொண்டே இழுவிசையைக் குறிக்க வேண்டும். சூடானால் தளரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், ஆனால் விசை கூடும். அந்தக் கூடுதலின் சாய்வே, ரப்பர் நீளும்போது இழக்கும் என்ட்ரோபியின் அளவு.

சென்ற வாரம் காசு சுண்டியபோது பார்த்தோம்: என்ட்ரோபி என்பது, வெளியே ஒரே மாதிரி தெரியும் நிலைக்கு உள்ளே எத்தனை அடுக்குகள் சாத்தியம் என்ற எண்ணிக்கையைச் சார்ந்தது. தளர்ந்த ரப்பரில் நீண்ட மூலக்கூறுகள் எப்படி வேண்டுமானாலும் சுருண்டு கிடக்கலாம். இழுத்தால் அவை ஒரு பக்கமாக வரிசைப்படும், அடுக்கு என்ட்ரோபி குறையும். வெளியே வெப்பம் போக நேரம் இல்லாததால், குறைந்தது அத்தனையும் மூலக்கூறுகளின் அதிர்விலே போய்ச் சேருகிறது, அதுதான் உதட்டில் தெரிந்த சூடு. மொத்தத் தொகை ஏறக்குறைய மாறவேயில்லை.

பிரபஞ்சத்தின் பின்னணி ஒளியிலும் இதே வரவு-செலவுதான், திசைதான் எதிர். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் 3,000 கெல்வின் வெப்பநிலையில் புறப்பட்ட ஒளி, இடம் 1,100 மடங்கு நீண்டதால் இன்று 2.725 கெல்வினில் நிற்கிறது. ஒளித்துகளுக்குக் கிடைத்த இடம் கூடியது. அலை நீண்டதால் ஆற்றல் குறைந்தது. கன அளவு 1,100-இன் மும்மடியாகப் பெருக, ஒரு கனசென்டிமீட்டரில் உள்ள என்ட்ரோபி அதே மும்மடியில் சுருங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் பழைய தொகையேதான்.

‘வாயு விரிந்தால் என்ட்ரோபி கூடும் என்று படித்தோமே?’ என்று கேட்பீர்கள். அது வேறு விரிவு. ஜூல் 1845-இல் இரண்டு செப்புக் கலங்களை இணைத்து, ஒன்றில் அழுத்திய காற்றையும் மற்றதில் வெற்றிடத்தையும் வைத்துத் திறந்துவிட்டார். காற்று வெற்றிடத்துக்குள் பாய்ந்தது. ஒரு மோல் வாயு இப்படி இருமடங்கு இடம் பிடித்தால் என்ட்ரோபி கெல்வினுக்கு 5.76 ஜூல் கூடும். பிரபஞ்சத்துக்கோ பாய்ந்து நிரப்ப வெளியே காலிக் கலம் எதுவும் இல்லை.

அப்படியானால் கூடுவது எங்கே? சூரியனிடமிருந்து பூமி வாங்கும் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் சுமார் இருபது அகச்சிவப்புத் துகள்களைத் திருப்பி அனுப்புகிறதே, அங்கே கூடுகிறது. அவற்றை வாங்கிக்கொள்ள இருண்ட, குளிர்ந்த வானத்தைக் கொடுத்திருப்பது மட்டுமே விரிவின் பங்கு. ஆனால் பெரிய கணக்கெல்லாம் ஈர்ப்பிடம் இருக்கிறது. கருந்துளையின் என்ட்ரோபி அதன் பரப்பைப் பொறுத்தது என்று 1970-களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் காட்டினார்கள். அந்தச் சூத்திரத்தில் நம் பால்வீதியின் நடுவே இருக்கும், சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட ஒரே ஒரு கருந்துளையைப் போட்டுப் பாருங்கள். காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதிலும் நிறைந்திருக்கும் பின்னணி ஒளியின் என்ட்ரோபியைவிட அது சுமார் மூன்று மடங்கு அதிகம்.

(தொடரும்)