அந்தரத்தில் ஆடாத கேமரா

1860 அக்டோபர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு மேலே ஒரு பலூன். கூடைக்குள் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்ற படக்கலைஞர், மருந்து ஈரம் காயாத கண்ணாடித் தகடுகளோடு நின்றிருந்தார். எட்டுத் தகடுகளில் படம் பிடித்தார். தேறியது ஒன்றே ஒன்று. வானிலிருந்து எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான்.

ஆடுகிற கூடையிலிருந்து ஆடாத படம் எடுப்பது அன்று பெரும்பாடு. ட்ரோனிலும் அதே பாடுதான். ஆனால் அதைப் படுவது நாமல்ல, கேமராவைத் தாங்கும் கிம்பல்.

கால் கிலோகூட எடையில்லாத ஒரு சிறிய ட்ரோனை எடுத்துக்கொள்வோம். அதன் கேமரா பக்கவாட்டில் சுமார் 71 டிகிரி அகலத்தைப் பார்த்து, அதை 4000 புள்ளிகளாகப் பதிவு செய்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு புள்ளியின் பங்கு, ஒரு டிகிரியில் ஏறக்குறைய 55-இல் ஒரு பாகம். கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்த தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான் தெரியும். ஷட்டர் திறந்து மூடுவதற்குள் கேமரா அந்த மயிரிழை திரும்பினாலே, ஒரு புள்ளியில் விழவேண்டிய ஒளி பக்கத்துப் புள்ளியில் வழிந்துவிடும். காற்றிலோ ட்ரோன் டிகிரிக் கணக்கில் சாய்ந்து சாய்ந்துதான் தன்னை நிறுத்திக்கொள்கிறது!

கிம்பலுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் துண்டு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கேமரா திரும்பினால், அந்த அதிர்வு பக்கவாட்டில் தள்ளப்படும். வங்கக் கடல் புயலைச் சுழலவைக்கும் அதே கொரியோலிஸ் விளைவுதான் இங்கே அரிசிமணி அளவில் வேலை செய்கிறது. தள்ளலை அளந்ததும் மூன்று குட்டி மோட்டார்கள் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். மிச்சமிருக்கும் ஆட்டம் 0.01 டிகிரிக்குள் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதாவது, ஒரு புள்ளிக்கும் குறைவு.

ஆனாலும் கிம்பலால் எல்லாம் முடியாது. ட்ரோன் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும்: நொடிக்கு ஒரு மீட்டர் வேகம், 50-இல் ஒரு நொடி ஷட்டர் என்றால் இரண்டு சென்டிமீட்டர். விளிம்பு சிதைந்த இறக்கை தரும் பொடி அதிர்வும் அதற்குப் பிடிபடாது. சந்தேகமிருந்தால் இறக்கையை மாற்றிவிடுவதே நல்லது.

புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: முடிந்தவரை மேலே ஏற்றுவது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள், முன் அனுமதி கேட்காமலே பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை அனுமதிக்கின்றன. அந்த உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் ஒரு புள்ளிக்குள் நாலு சென்டிமீட்டருக்கு மேல் அடங்கிவிடும். ஒரு மனித முகத்தின் அகலத்துக்கு நாலு புள்ளி தேறினால் அதிகம். முப்பது மீட்டருக்கு இறங்குங்கள், புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர். தரைக்காரனுக்குக் கிடைக்காத கோணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

தூத்துக்குடி உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் உச்சிவெயில் அங்கே தலைக்கு நேர்மேலே நிற்கும். உப்பு அம்பாரங்களுக்கு நிழலே விழாது. மேலிருந்து பார்த்தால் குவியலா, வெள்ளைக் கறையா என்றே தெரியாது. காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு அம்பாரமும் தன் உயரத்தைப் பல மடங்கு நீட்டித் தரையில் வரைந்து காட்டும். வெளுத்துப்போன உப்பை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, ஆகவே ஒளியைச் சற்றுக் குறைத்து, கேமரா கண்டதை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பாக எடுப்பது உத்தமம்.

பாத்தி நீரின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் ஃபில்டர் மாட்டுவார்கள். நீர்ப்பரப்புக்கு 37 டிகிரி சாய்வில் கேமரா பார்க்கும்போது, அங்கிருந்து வரும் பிரதிபலிப்பு முழுவதும் ஒரே தளத்தில் அதிரும் ஒளி. ஃபில்டர் அதை அப்படியே தடுத்துவிடும், பாத்தியின் அடிமண் தெரியும். கேமராவை நேர் கீழே திருப்பினால் கதை வேறு. செங்குத்தாகத் திரும்பி வரும் ஒளிக்கு அப்படியொரு தளமே கிடையாது. அங்கே அந்த ஃபில்டரால் பயனில்லை. போதாததற்கு, வரும் ஒளியில் பாதியையும் அது விழுங்கிவிடும், ஷட்டர் நேரம் நீளும், ஆட்டம் படத்தில் ஏறும். நேர் கீழே எடுப்பதானால் அதைக் கழற்றிவிட்டுப் பறக்கவிடுங்கள்.