‘தானா பேசிடும்’ என்று கழியும் மாதங்கள்

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கிடந்து வேண்டிய பிறகே வாய் திறந்தார் என்றும் அவரைப் பற்றிய வரலாறு சொல்கிறது. சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவில் ‘ஓசை கொடுத்த நாயகி’ முன்னால் பேசாத பிள்ளைகளை அழைத்துவந்து நிறுத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பிள்ளை பேசாத வீட்டின் தவிப்பை நம் ஊர் வெகுகாலமாக அறியும். வேண்டிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குப் போகிற வாரத்திலேயே காது பரிசோதனைக்கும் போய்வந்துவிடலாம். பல வீடுகளில் அந்த இரண்டாவது பயணம்தான் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், தள்ளிப்போகிறது.

தள்ளிப்போடச் சொல்பவர்கள் எல்லாரும் பிரியமானவர்கள். “இவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான்” என்பார் பாட்டி. “ஆம்பளப் புள்ளன்னா லேட்டாத்தான் வரும்” என்பார் பக்கத்து வீட்டு அக்கா. “பால்வாடிக்குப் போனா தானா பேசிடும்” என்று சித்தி சொல்வார். இவற்றில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். இரண்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் தாமதமாகத்தான் பேசத் தொடங்குகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை தானாக எட்டும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. எட்டிவிடக்கூடிய பிள்ளையைப் பரிசோதித்தால் இழப்பது ஒரு நாள். உதவி தேவைப்படும் பிள்ளையைப் பரிசோதிக்காமல் விட்டால், மூளை மொழியை மிக வேகமாக வாங்கிக்கொள்ளும் முதல் மூன்று ஆண்டுகள் கைநழுவிப் போகின்றன.

எத்தனை சொல் பேசுகிறது என்று எண்ணுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை உண்டு. பேச்சு வாயில் தொடங்குவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் ‘ங்கா’ என்று குழைகிற குழந்தை, ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் ‘பாபாபா’, ‘தாதாதா’ என்று அடுக்கத் தொடங்கும். ஒரு வயதையொட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும், டாட்டா காட்டும், ஒன்றிரண்டு சொல் வரும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும். “செருப்ப எடுத்துட்டு வா” என்றால் போய் எடுத்துவரும். அந்த நீட்டிய விரல் மிக முக்கியம். பால் வேண்டும் என்பதற்காக மட்டும் நீட்டாமல், “அங்க பாரு, காக்கா!” என்று தான் கண்டதை அம்மாவுக்கும் காட்டுவதற்காக நீட்டினால், அந்தக் குழந்தை உரையாடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டைச் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கப்படுகின்றன. மூன்று வயதில் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் பிள்ளையின் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும்.

‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்று சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ழகரமும் ரகரமும் தாமதமாக வரும் ஒலிகள். அது உச்சரிப்பு பற்றிய விஷயம், மொழித் தாமதம் வேறு.

சொல்லே வராவிட்டாலும், சொன்னதைப் புரிந்துகொண்டு, சைகையால் கேட்டு, கண்ணைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையைப் பற்றி மருத்துவர்களுக்கு நம்பிக்கை அதிகம். பேர் சொன்னால் திரும்பாத, விரல் நீட்டாத, கண்ணைப் பார்க்காத, ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி விளையாடும் பிள்ளை என்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்றே ‘எம்-சாட்’ என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது. பெற்றோர் பதில் சொன்னால் போதும். எந்த வயதானாலும், பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இழக்கத் தொடங்கினால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது. “குக்கர் விசில் அடிச்சா திரும்புறான், காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது” என்று பெற்றோர் உறுதியாகச் சொல்வார்கள். குக்கர் விசில் கேட்கும் காதுக்குச் சகர, ஸகர ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அப்போது பேச்சு அந்தப் பிள்ளைக்குப் பாதி பாதியாகத்தான் போய்ச் சேரும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோரின் குழந்தைகளுக்குப் பரம்பரைச் செவிக்குறைபாடு வர வாய்ப்பு கூடுதல் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் முடித்த வீடுகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

1998-ல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. செவிக்குறைபாடுள்ள 150 குழந்தைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டுப் பயிற்சி தொடங்கிய பிள்ளைகளின் மொழி, பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. குறைபாடு லேசானதா கடுமையானதா, குடும்பம் வசதியானதா ஏழையா என்பவை அந்த வேறுபாட்டை மாற்றவில்லை. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கை இத்தகைய ஆய்வுகளே வலுப்படுத்தின. பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனையில் காதுத் துவாரத்தில் சிறு கருவியை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் குழந்தை தூங்கும்போது ‘பெரா’ பரிசோதனை செய்வார்கள். பிறந்தபோது தேறிய காதும் பிறகு பழுதாகலாம் என்பதால், பேச்சு தாமதமானால் மறுபடி பார்ப்பது அவசியம்.

அடுத்தது கைபேசி. கையில் போனைக் கொடுத்தால்தான் சாப்பிடுவேன் என்கிற பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதில் ஓடும் பாட்டுகளைக் கேட்டாவது நாலு வார்த்தை கற்றுக்கொள்ளட்டும் என்ற நம்பிக்கையும் பெற்றோருக்கு உண்டு. சியாட்டிலில் ஆய்வாளர் பட்ரிசியா குல் 2003-ல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் ஒரு பிரிவினருக்கு, சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரையில் பார்த்தவர்கள் ஒன்றுமே கற்கவில்லை. குழந்தையின் பார்வைக்கும் சிரிப்புக்கும் திரை பதில் சொல்லாது. பதில் வராத இடத்தில் மொழி வளர்வதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே பரிந்துரைக்கத் தக்கதில்லை என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஆனால் எல்லாப் பழியையும் போன் மேல் போட்டு, அதைப் பிடுங்கி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இருப்பதும் ஆபத்துதான். ஆட்டிசத்துக்கோ செவிக்குறைபாட்டுக்கோ போன் காரணமில்லை.

பேச்சு வரட்டும் என்று நாக்கில் தேனும் வசம்பும் தடவுவது இன்னும் நிற்கவில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வரக்கூடும். “நாக்குக்குக் கீழே ஒட்டியிருக்கு, அறுத்துவிட்டா பேசிடும்” என்பதும் பெரும்பாலும் தவறு. ஒட்டிய நாக்கு சில ஒலிகளைச் சிரமமாக்கலாம், மொழி வராமல் தடுக்காது. வீட்டில் தமிழும் தெலுங்கும், அல்லது தமிழும் உருதும் பேசுவதால் பிள்ளை குழம்பிப் பேசாமல் போய்விடாது. இரண்டு மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். தாய்மொழியை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாய்க்குத் தடையில்லாமல் வரும் மொழியில்தான் பிள்ளைக்குப் பேச்சு நிறையக் கிடைக்கும்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரசே பரிசோதனை செய்கிறது. வளர்ச்சித் தாமதமும் செவிக்குறைபாடும் அதில் அடக்கம். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளை ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காது, பேச்சு, உளவியல், உடலியக்கம் என்று பல பிரிவினரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்பட்டவை இந்த மையங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ல் ஏற்பட்ட பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. கடுமையான செவிக்குறைபாட்டுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்குப் பல லட்சம் ஆகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு அது இலவசமாகச் செய்யப்படுகிறது. தனியாரிடம் ஸ்பீச் தெரபிக்குப் போனால், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

மையம் இருந்தாலும் போய்வருவது எளிதில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு வாரம் ஒருமுறை மாவட்டத் தலைநகர் என்பது ஒரு நாள் சம்பளமும் இரண்டு பஸ் பயணமும். இந்தச் சுமையை நன்கு புரிந்துகொண்டது தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். 1981-ல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமைப்பு அது. அங்கே பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை அலைபேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள், வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுப்பதுதான் அந்த வருகையின் மையம்.

நல்ல பேச்சுப் பயிற்சி எங்கு நடந்தாலும் அப்படித்தான் இருக்கும். வாரத்தில் முக்கால் மணி நேரம் பயிற்சியாளர் முன்னால் பேசுவதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு மொழி வந்துவிடாது. மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தான் கழிகிறது. “இது என்ன? சொல்லு, சொல்லு” என்று பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்தச் சொல்வார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேச வேண்டும். அது ‘பூ’ என்றால் “ஆமா, செவப்புப் பூ” என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தர வேண்டும். ஒன்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் தேடும் அந்தச் சில நொடிகளை நாமே பேசி நிரப்பாமல் பொறுத்திருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று கை காட்டும் பிள்ளைக்கு, “வாயால சொன்னாத்தான் தருவேன்” என்று மறுப்பது பயிற்சி ஆகாது. தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே அந்தச் சொல்லையும் கொடுக்கலாம். குளிப்பாட்டும்போதும், கீரை ஆயும்போதும், காய்கறி வண்டி தெருவில் வரும்போதும் இதைச் செய்ய முடியும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, பரிசோதனைத் தேதி வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பிள்ளை சொல்லும் எல்லாச் சொற்களையும், மழலையாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வீட்டில் விளையாடும்போது இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. பிரசவமான ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்கள், எடை குறைந்து பிறந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, காது பரிசோதனை நடந்ததா என்ற விவரங்கள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் பாட்டி என்றால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். “கொஞ்ச நாள் பார்ப்போம்” என்று அங்கேயும் பதில் வந்தால், எத்தனை நாள், அதற்குள் எதைக் கவனிக்க வேண்டும், மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.