வீரனுக்குப் பதக்கம்! காவலனுக்குப் பேதியா?

பனிமலையிலிருந்து சறுக்கி வந்த வீரனின் கழுத்திலே பதக்கம் மின்னுகிறது. கொடி ஏறுகிறது, நாட்டுப்பண் முழங்குகிறது, உலகம் கைதட்டுகிறது. நாமும் கைதட்டுகிறோம். பாடுபட்டுப் பெற்ற வெற்றி எந்த நாட்டானுடையதாக இருந்தாலும் அதைப் பாராட்ட நாம் தயங்குவதில்லை.

ஆனால் தோழர்களே, அந்த மைதானத்தின் வாயிலிலே ஒருவன் நின்றானே, அவனைக் கவனித்தவர் எத்தனை பேர்? எலும்பை ஊடுருவும் குளிரிலே நின்று, வருவோர் போவோரின் பைகளையெல்லாம் சோதித்து அனுப்பினானே ஒரு காவலன், அவன் என்ன ஆனான்? அவன் கதையைத்தான் இன்று பேச வேண்டும். அவன் கதையிலே நமக்குப் பாடம் இருக்கிறது.

2018 பிப்ரவரி 9-ம் நாள். தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் விழா தொடங்க வேண்டும். கோடி கோடியாகக் கொட்டிப் பணி முடித்தாகிவிட்டது. 92 நாட்டு அணிகள் வருகின்றன. விழாவுக்கு ஐந்து நாள் முன்னதாக, பிப்ரவரி 4-ம் நாள், தனியார் காவலர்களிடமிருந்து சேதி வருகிறது: வயிற்றுவலி, வாந்தி, பேதி! ஒருவருக்கல்ல, இருவருக்கல்ல, 41 பேருக்கு. உடனே 1,200 காவலர்களைப் பணியிலிருந்து விலக்கி, தங்கிய அறைகளிலேயே இருக்கச் சொன்னார்கள். வாயிலைக் காக்க ஆளில்லை. 900 இராணுவ வீரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பகைவனை எதிர்க்கப் பயிற்சி பெற்ற பட்டாளம், பைகளைச் சோதிக்க வந்தது!

பட்டாளத்தை வரவழைத்த அந்தப் பகைவன் யார்? நோரோ வைரஸ் என்னும் கிருமி. கண்ணுக்குத் தெரியாது. குளிருக்கு அஞ்சாது, குளிர்காலமே அதற்குக் கொண்டாட்டம். நோயாளியின் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறி, தண்ணீரிலும் சோற்றிலும் கையிலும் ஏறி, அடுத்தவன் வாய்க்குள் புகும். மிகச் சிறிய அளவு உள்ளே போனாலே போதும். புகுந்த 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்க்கும். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடுவார்கள். ஆனால் நோய் நின்ற பிறகும் அந்த மனிதனிடமிருந்து கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். அவன் சமையற்கட்டிலே கால் வைத்தால், பந்தி முழுவதும் படுக்கும்.

காவலர்களிடம் எப்படி வந்தது? அவர்களிற் பலர் ஓர் இளைஞர் பயிற்சி நிலையத்திலே தங்கவைக்கப்பட்டிருந்தனர். சுகாதாரத் துறையினர் துருவிப் பார்த்தனர். அங்கே சமையலுக்குப் பயன்பட்ட தண்ணீர் மாசுபட்டிருந்தது என்பதே அவர்களுடைய முதற்கட்ட ஆய்வின் முடிவு.

தண்ணீர்! மைதானத்தின் பனி எவ்வளவு கனம், காற்றின் வேகம் எவ்வளவு என்றெல்லாம் நொடிக்கு நொடி அளந்த விழாவிலே, காவலன் சோறு பொங்கிய தண்ணீர் அவனைக் கவிழ்த்தது.

அத்துடன் நின்றதா? காவலரிடமிருந்து கணக்கு ஏறியது. விழாவுக்கு முதல்நாள் 128 பேர். முடிவதற்குள் 300-க்கு மேல். சுவிட்சர்லாந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் இருவரையும் அது தொட்டது. அப்போதுதான் உலகப் பத்திரிகைகள் பல துள்ளி எழுந்தன. 'ஐயோ, வீரருக்கும் வந்துவிட்டதே!' என்றன. வீரருக்கு வந்ததில் நமக்கும் வருத்தமே. ஆனால் கிருமிக்கு அந்தஸ்து தெரியாது என்பதை அன்றுதானா கண்டுபிடித்தார்கள்?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தென்கொரிய அதிகாரிகள் சேதியை மூடி மறைக்கவில்லை. நோயாளிகளைப் பிரித்தார்கள், எண்ணிக்கையை ஊரறியச் சொன்னார்கள், தண்ணீரையும் சமையலையும் சோதித்தார்கள், கை கழுவுங்கள் என்று பறைசாற்றினார்கள். விழா தடைப்படாமல் நடந்தது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவையே. ஆனால் இவை நெருப்புப் பிடித்தபின் கொட்டிய தண்ணீர். நாம் கேட்பது, பொறி விழாமல் காக்கும் வழி.

அந்த வழி உலகுக்குத் தெரியாததல்ல. 2012-ல் லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது இங்கிலாந்துச் சுகாதாரத் துறையினர் என்ன செய்தார்கள்? நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்கவில்லை. குடும்ப டாக்டரிடம் எத்தனை பேர் வாந்தி என்று வந்தனர், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு எத்தனை பேர் காய்ச்சலோடு வந்தனர், மருத்துவ ஆலோசனைத் தொலைபேசிக்கு எத்தனை பேர் பேதி என்று பேசினர் என்று நாள்தோறும் எண்ணினார்கள். வழக்கமான கணக்கை விட ஒரு பகுதியிலே ஏறினால் உடனே அங்கே ஆள் போகும். நாள்தோறும் ஓர் அறிக்கை. இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கினார்கள். பெருநோய் எதுவும் பரவாமல் விழா முடிந்தது.

தண்ணீரைச் சோதிக்க வழியில்லையா? 2024-ல் பாரிஸ் நகரிலே வீரர்கள் நீந்த வேண்டிய சேன் ஆற்றுத் தண்ணீரை நாள்தோறும் சோதித்தார்கள். மலக்கிருமி அளவு மீறியிருந்ததால் ஜூலை 30-ல் நடக்கவேண்டிய ஆடவர் போட்டியை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். உலகம் பார்த்துக்கொண்டிருந்தும் தள்ளிவைத்தார்கள். சரியான செயல்! அதே கண்ணும் கருத்தும், கூலிக்கு வந்தவன் குடிக்கும் குடத்தின் மீதும் விழட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

'இரண்டு நாள் பேதிதானே, இதற்கு இவ்வளவு முழக்கமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நோரோ வந்த அதே வழியிலேதான் காலராவும் வரும், டைபாய்டும் வரும். கதவு திறந்திருந்தால் நுழைவது பூனையா புலியா என்று யார் உறுதி சொல்வது? விருந்தாளி ஊர் திரும்பியபின்னும் நோய் தங்கிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. 2010-ல் கனடாவின் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அந்த மாநிலத்திற்கு வந்தவர்களோடு தட்டம்மையும் வந்து சேர்ந்தது. விழா முடிந்தபின் 82 பேர் படுத்தனர். பெரும்பாலோர் தடுப்பூசி சரிவரப் போடாதவர்கள். கொடி இறக்கியாயிற்று, பந்தல் பிரித்தாயிற்று. நோயை மட்டும் ஊரார் சுமந்தார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கணக்கெடுப்பும் கருவியும் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும், எல்லாம் ஒருவன் வாயைத்தான் நம்பியிருக்கின்றன. 'எனக்கு வயிறு சரியில்லை' என்று அவன் முதலில் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கானாலும் உலகக் கால்பந்தானாலும், காவலனும் சமையற்காரனும் துப்புரவுத் தொழிலாளியும் பெரும்பாலும் சில வாரத்துக்குக் கான்ட்ராக்டில் வந்தவர்கள். சொன்னால் அன்றையக் கூலி போகும், நாளை வேலையும் போகும் என்ற நிலை இருந்தால் எவன் வாய் திறப்பான்? வலியை விழுங்கிக்கொண்டு உலை வைப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. வீட்டிலே அடுப்பெரிய வேண்டுமே! கூலியை வெட்டும் கத்தரிக்கோல், நோயறியும் கண்ணையும் குத்திவிடுகிறது. நோய்நாளுக்குக் கூலி கொடுப்பதைத் தருமம் என்று சிலர் நினைக்கிறார்கள். தருமமல்ல, அதுவே முதல் தடுப்பு மருந்து!

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பெரியவை அல்ல, பட்டாசுச் செலவிலே முடியக்கூடியவை.

ஒன்று: தொழிலாளி தங்கும் இடத்துத் தண்ணீரையும் சமையற்கட்டையும், அவன் மூட்டையோடு வந்து இறங்குவதற்கு முன்பே சோதிக்க வேண்டும், விழா முடியும்வரை சோதிக்க வேண்டும்.

இரண்டு: சோப்பும் ஓடும் தண்ணீரும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் தடவும் சாராயத் திரவம் நோரோவுக்குப் போதாது. தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும்.

மூன்று: நோயுற்றவனுக்குக் கூலியோடு ஓய்வு. வாந்தி பேதி நின்று இரண்டு நாள் கழியும்வரை சமையலுக்கோ பரிமாறலுக்கோ அவனை அழைக்கக் கூடாது.

நான்கு: நோய்க் கணக்கு வீரரிடமும் விருந்தாளியிடமும் மட்டும் எடுத்தால் போதாது. கூட்டுவோனையும் காப்போனையும் சேர்த்து எண்ண வேண்டும்.

2026 உலகக் கால்பந்துப் போட்டி மூன்று நாடுகளில், 16 நகரங்களில், 48 அணிகளுக்கு, 104 ஆட்டங்கள் என்று விரிந்த ஏற்பாடு. விழாக்கள் இப்படி வளர்ந்துகொண்டே போகின்றன. வளரட்டும்! மனிதன் மனிதனோடு கூடி மகிழ்வதை நாம் எதிர்ப்பவர்களல்ல. ஆனால் விழா எவ்வளவு வளர்கிறதோ, அவ்வளவு வாயில்கள், அவ்வளவு காவலர்கள், அவ்வளவு சோற்றுப் பானைகள்.

தோழர்களே! ஆலையானாலும் துறைமுகமானாலும் நாம் வேலை செய்யும் இடத்திலும் இதே கேள்வியைக் கேட்டுப் பழகுவோம். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடைசியாகச் சோதித்தது எப்போது? கேட்பது கலகமல்ல, காவல்.

மேடையிலே பதக்கம் மின்னட்டும். வாயிலிலே நிற்பவனின் குடமும் தெளிந்திருக்கட்டும். அவன் நலமே விழாவின் நலம்!