நாலாவது கோள் எதற்கு?

எந்த வீட்டிலும் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப் போவதில்லை. கூடத்துக் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தும். சமையலறைக் கடிகாரம் மூன்று நிமிஷம் பிந்தும். "எதைப் பார்த்துப் புறப்படுவது?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "எதையும் பார்க்க வேண்டாம், இப்போதே புறப்படுங்கள்!" என்பதுதான் கெட்டிக்கார மனைவியின் பதில்.

டாக்ஸிக்காரர் முன்னால் வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது வழி காட்டுவது உண்மைதான். ஆனால் உள்ளுக்குள்ளே அது ஒரு கடிகாரம். நேரம் தெரிந்தால்தான் அதற்கு இடம் தெரியும்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்கர்களின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. அவற்றில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. "இப்போது மணி இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று ஒவ்வொரு கோளும் ரேடியோ அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி தரைக்கு வந்து சேர ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகும். எவ்வளவு தாமதித்து வந்தது என்று தெரிந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்றும் தெரிந்துவிடும் அல்லவா? அலையோ வினாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது. ஆகவே வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், தூரத்தில் 300 மீட்டர் பிசகும். கல்யாண மண்டபத்தை விட்டு அடுத்த தெருவில் போய் நிற்போம்!

மேலே அணுக் கடிகாரம், சரி. நம் கையில்? சாதாரணக் கைக் கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு மலிவான க்வார்ட்ஸ் துண்டுதான். இங்கேதான் சூட்சுமம். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று கோள்கள் போதும். ஆனால் கருவி நாலாவது கோளையும் தேடிப் பிடிக்கிறது. எதற்கு? தன் கடிகாரம் எவ்வளவு தப்பு என்று கண்டுபிடிக்க! இடத்துக்கு மூன்று எண், கடிகாரப் பிழைக்கு ஓர் எண். நாலு சமன்பாடு போட்டால் நாலும் வந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் நம்மை அழ வைத்த அல்ஜீப்ராதான். இப்படி அந்த மலிவுக் கடிகாரம் நொடிக்கு நொடி தன் பிழையைத் திருத்திக்கொள்கிறது.

மேலே இருப்பவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஐன்ஸ்டீன் சொன்னபடி, அந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகிறது. விட்டுவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் தப்பு சேரும். அதனால் சற்று மெதுவாக ஓடும்படி திருத்தி வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இத்தனை துல்லியம் இருந்தும் முகப்பில் தெரியும் மணி சில சமயம் தப்பாக இருக்கும். ஜி.பி.எஸ். 1980 ஜனவரி 6-ந் தேதி முதல் நேரத்தை எண்ணி வருகிறது. பூமியின் சுழற்சிக்கு ஒத்துப் போக, உலகக் கடிகாரங்களில் அவ்வப்போது ஒரு வினாடி கூட்டினார்கள். ஜி.பி.எஸ். கூட்டவில்லை. 2017 ஜனவரியில் வித்தியாசம் 18 வினாடி ஆயிற்று. இந்தக் குறிப்பைக் கோள் 12½ நிமிஷத்துக்கு ஒரு தரந்தான் அனுப்புகிறது. நெடுநாள் பரணில் கிடந்த பழைய கருவி, எடுத்தவுடன் சில வினாடி பிசகாகக் காட்டினால் கோபிக்காதீர்கள். கால் மணி பொறுங்கள்.

வாரக் கணக்கிலும் ஒரு வம்பு. முதலில் வகுத்த முறையில் 1,024 வாரம் ஆனதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, சில பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் போய்த் தேதி காட்டின. நமக்கும் அப்படி வயசு குறைந்தால் தேவலை!

முகப்பில் பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம். மேலே கடிகாரமே நின்றுவிட்டால்? நம் நாடு அதை அனுபவித்திருக்கிறது. நமக்கென்று சொந்தமாக வழிகாட்டும் கோள்களை அனுப்பத் தொடங்கி, 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதலாவதை ஏவினார்கள். அதில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் வெளிநாட்டில் வாங்கியவை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. கோள் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சரியான மணி சொல்லத் தெரியாத கோளை வைத்து இடத்தைக் கணக்கிடுவது எப்படி? அதற்குப் பதிலாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் அனுப்பியதுதான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் அகமதாபாத்தில் நம் விஞ்ஞானிகள் ஓர் அணுக் கடிகாரத்தைத் தாங்களே செய்ய முனைந்திருந்தார்கள். 2023 மே 29-ந் தேதி ஏவிய என்.வி.எஸ்.-01 கோளில் அது முதல் தடவையாக மேலே சென்றது.